கட்டைவிரல் தொடாத கால்

பெற்றோர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கே அது மறந்துபோய் நெடுநாள் ஆகிறது. எல்லோருக்கும் அவள் கட்டைவிரல்தான். தர்பூசணிப் பழத்தின் மேல் வலது கட்டைவிரலை ஒருமுறை வைத்து எடுத்தால் உள்ளே எத்தனை விதை என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். சுவரில் வைத்து அழுத்தி, பக்கத்து வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. இரண்டாவதை நான் நம்பவில்லை. அந்த வீட்டில் எந்நேரமும் சண்டைதான்; அதற்குக் கட்டைவிரல் எதற்கு?

அவள் வேலை பார்த்த கடை, டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது. சாலை முடிந்த பிறகும் வண்டியை நிறுத்த மனமில்லாமல் ஆற்றுப் படுகை, கல்குவாரி, காட்டுத் தடம் என்று மோட்டார் சைக்கிளை விடுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். மார்புக் கவசம், முழங்கை மூடி, முழங்கால் மூடி, தாடை நீட்டிய ஹெல்மெட், முழங்கால் வரை ஏறும் பூட்ஸ். உள்ளே நுழைந்தால் ஒரு படையையே தோலுரித்து ஆணியில் மாட்டியிருப்பது போலத் தெரியும்.

"உன்னாலதான்மா என் பஞ்சும் மருந்தும் விக்காம கெடக்கு" என்று மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்வார்.

"கவலைப்படாதீங்கண்ணே. என்கிட்ட வாங்காம போறவன் நேரா உங்ககிட்டதான் வருவான்" என்பாள்.

அதற்கு முன்னால் அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிய வருஷமே கணவரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தாள். முதலாளி பழைய பந்தயக்காரர். எப்போதோ விழுந்ததில் கழுத்து இறுகிப்போய், யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் லாரியைத் திருப்புவது போல முழு உடம்பையும் திருப்புவார்.

"வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சைக்கிளே தெரியாது."

"பின்ன இங்க என்ன செய்யப்போற?"

"உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றவள் குனிந்து அவருடைய ஷூவின் முனையை அழுத்தினாள். "இடது சுண்டுவிரல் மடங்கிக் கெடக்கு. சாயங்காலமானா காந்துமே?"

முதலாளி மொத்த உடம்போடு அவள் பக்கம் திரும்பினார். வேலை கிடைத்தது.

கடையின் நடுவில் ஒரு மரக்குதிரை நின்றது. தச்சர் செய்த உடம்பு. நொறுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து கழற்றிய கைப்பிடியும் கால்மிதிகளும். அதில் ஏறாமல் எவனும் எதையும் வாங்கிக்கொண்டு வெளியே போக முடியாது. "நின்னுக்கிட்டுப் போட்டுப் பாக்க இது என்ன கல்யாணச் சட்டையா? ஏறி உக்காருங்க" என்பாள். நிற்கும்போது முழங்காலில் சமர்த்தாக இருக்கும் மூடி, காலை மடக்கியதும் வழுக்கிக்கொண்டு கீழே போகும். அப்படிப் போனால் அது வேறு யாருக்கோ செய்தது. ஹெல்மெட்டின் தாடையைப் பிடித்து ஆட்டுவாள். கன்னமும் சேர்ந்து ஆட வேண்டும். ஹெல்மெட் மட்டும் ஆடினால், "இது பானை. சமையலுக்கு வச்சுக்கலாம்" என்று உருவி எடுத்துவிடுவாள்.

பூட்ஸ் என்று வந்துவிட்டால் சட்டதிட்டம் இன்னும் அதிகம். காலையில் வரக் கூடாது. நாள் முழுக்க நடந்து கால் உப்பின பிறகு சாயங்காலம் வர வேண்டும். தடித்த காலுறை போட்டு வர வேண்டும். பூட்ஸை இறுக்கும் பட்டைகளின் பக்கிள்கள் நடுப்பல்லில் மாட்ட வேண்டும், கடைசிப் பல்லில் மாட்டினால் ஆகாது. அதன் பிறகு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, முனை, புறங்கால், கணுக்கால், குதிகால், கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே, "பிடிக்குதா?" என்று கேட்பாள்.

நம் மொழியில் அது ஒரு குறும்புக்கார வார்த்தை. மனசுக்குப் பிடித்தாலும் பிடிக்குதுதான், இறுக்கிப் பிடித்தாலும் பிடிக்குதுதான். புது பூட்ஸ் போட்டவன் கண்ணாடியைப் பார்த்தபடி "பிடிக்குது" என்றால் எந்தப் பிடிப்பைச் சொல்கிறான் என்று யார் கண்டது? ஆனால் அந்தக் கடையில் அதனால் தப்பு நடந்ததே இல்லை. வாய் எதைச் சொன்னாலும் கட்டைவிரல் தனியாக ஒரு விசாரணை நடத்திவிடும்.

மகள் வளர்ந்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் ஆனாள். தானாகவே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மின்சார அலுவலகத்தில் படம் வரைகிறவர். சத்தம் போட்டுத் தும்மக்கூட யோசிக்கிற பிறவி. மாமியாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் வருஷம் பூராவும், "வந்து... இல்ல... சும்மாதான்" என்றே ஓட்டினார். அப்புறம் ஒருநாள் தண்ணீர் கேட்கிற அவசரத்தில் "அத்தை" என்று வந்துவிட்டது. கட்டைவிரல் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்றாலும் அது வெங்காயக் கண்ணீர் இல்லை.

அந்த மாப்பிள்ளையை மேசையிலிருந்து எழுப்பி, லைன் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். மலை மேல் ஏறி இறங்கிப் போகும் மின்கோபுரங்களுக்கு அடியில் ஒரு தடம் உண்டு. ஜீப் போகாது, மோட்டார் சைக்கிள்தான். கம்பியில் மரம் உரசுகிறதா, கோபுரத்தின் காலடியில் மண் சரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். அலுவலகம் வண்டியை மட்டும் கொடுத்தது. மீதி அவரவர் பாடு.

"தினம் நாலு உடைஞ்ச காலைப் படம் பிடிக்கிறேன். அவரை என் மேசையில படுக்க வச்சுறாதேம்மா. நீயே பாத்துப் போட்டு விடு" என்றாள் மகள்.

கட்டைவிரல் கடையிலேயே மேலான சாமான்களாகப் பொறுக்கி வைத்தாள். எல்லாம் அவளுடைய அன்பளிப்பு. பூட்ஸுக்கு அளவெடுக்கவில்லை. வாசலில் மாப்பிள்ளை கழற்றிப் போடும் செருப்பை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! கண்ணளவே போதும் என்ற பெருமை.

மாப்பிள்ளை அலுவலகம் போகிற வழியில், காலையில் வந்தார். காலில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய உறை. வேறு யாராவது இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள். மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியுமா? கவசங்களை மாட்டினார், மரக்குதிரையில் ஏறினார். முழங்கால் மூடி அசையவில்லை. ஹெல்மெட்டோடு கன்னம் ஆடியது. எல்லாம் சரி. பூட்ஸை மாட்டி அவரே பக்கிள்களைப் போட்டார். கட்டைவிரல் வழக்கம்போல மண்டியிடப் போனாள்.

நெருப்பை மிதித்தவர் மாதிரி மாப்பிள்ளை காலை மேலே இழுத்தார். "ஐயோ அத்தை! என்ன நீங்க போய் என் கால்ல... எழுந்திருங்க, எழுந்திருங்க!"

"இது என் வேலை, மாப்பிள்ளை."

"வேலையா இருக்கட்டும் அத்தை. நீங்க என் காலைத் தொட்டா நான் அப்புறம் சோறு எப்படித் திங்கறது?"

முதலாளி மூலையிலிருந்து முழு உடம்போடு திரும்பிச் சிரித்தார். கட்டைவிரலுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனது. எழுந்து நின்று, புடவையைத் தட்டிவிட்டு, "பிடிக்குதா மாப்பிள்ளை?" என்றாள்.

அவர் பூட்ஸைப் பார்த்தார். "பிடிக்குது, அத்தை."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம், குவாரியில் வண்டி விடும் ஆசை புதிதாக வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கடைக்கு வந்தார். தொப்பை அவருக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தது. மார்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றவரை, வேறொரு பெட்டியைப் பிரித்தபடியே கட்டைவிரல் கேட்டாள்.

"பிடிக்குதா சார்?"

"பிடிக்குதும்மா."

"பிடிச்சா எடுத்துக்குங்க."

"எடுத்துக்கறதா? மூச்சைப் பிடிக்குதுங்கறேன்! இதோட போனா பாடம் நடத்த மாட்டேன், பாடையில போவேன்!"

முதலாளி சிரித்தார், வாத்தியாரும் சிரித்தார். கட்டைவிரல் சிரிக்கவில்லை. பெட்டியை அப்படியே கீழே வைத்தாள். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளை நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் பார்த்தது பூட்ஸை அல்ல, புறங்காலை. பிடித்தவன் அப்படிப் பார்க்க மாட்டான்.

மகளுக்குப் போன் செய்தாள். "மாப்பிள்ளை எங்கடி?"

"மேல் லைனுக்குப் போயிருக்காரு. ஆறு தாண்டி ரொம்ப தூரம். முதல் தடவை இன்னிக்குத்தான் அவ்வளவு தூரம் போறாரு. ஏம்மா?"

"பூட்ஸ் போட்டுக்கிட்டா?"

"போடாம? நீ குடுத்ததாச்சே."

மாப்பிள்ளையின் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொன்னது. முதலாளி கடை வேனை எடுத்தார். ஓர் அளவு பெரிய பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரல் ஏறினாள். வழியில் ஆஸ்பத்திரி வாசலில் மகளும் ஏறிக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா, இன்னொரு ஜோடி?"

கட்டைவிரல் சொன்னாள். வாத்தியாரின் தொப்பையிலிருந்து தொடங்கி, காலையில் வந்தது, மெல்லிய உறை, மண்டியிடப் போனது, எழுந்துகொண்டது வரை.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "ராத்திரி வெந்நீர்ல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. விரலெல்லாம் மரத்துப் போகுதுன்னாரு. அம்மாகிட்ட கேக்கறேன்னேன். வேணாம், அவங்ககிட்ட அன்னிக்கே பிடிக்குதுன்னு சொல்லிட்டேன், அவங்க சிரிச்சாங்க, புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்போல, அத்தைக்குத் தெரியாததான்னாரு" என்றாள்.

அப்படியானால் அவர் சொல்லியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி, பாராட்டாக இல்லாமல், வலியாகவே சொல்லியிருக்கிறார். அவள்தான் பாராட்டாக வாங்கிக்கொண்டாள்.

"ஊர்ல ஒருத்தன் கால் பாக்கி இல்லாம பிடிச்சுப் பாத்த. எங்க வீட்டுக் காலை மட்டும் விட்டுட்ட" என்றாள் மகள்.

"அவருதான்டி தொட விடல."

"என்கிட்ட வரவங்க பாதிப் பேரு கூச்சப்படறாங்க. சட்டையைக் கழட்ட மாட்டேங்கறாங்க. சரின்னு படம் எடுக்காம அனுப்பிடுவனா?"

முதலாளி கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "பூட்ஸ் இறுக்கமா இருந்தா என்ன, ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கே அது பொய் என்று தெரியும். பின்சக்கர பிரேக் வலது காலில் இருக்கிறது. மரத்துப்போன காலுக்கு மிதித்தோமா, மிதிக்கவில்லையா என்று தெரியாது. கற்கள் உருளும் இறக்கத்தில் அது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கழுத்தே சாட்சி.

தடம் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. காவலாளி பெஞ்சைத் துடைத்துவிட்டு, "வந்துருவாரும்மா. வெயில் சாயறதுக்குள்ள எல்லாரும் வந்துருவாங்க" என்றார். ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஒவ்வொன்றும் வேறு யாரோ. மகள் கையைக் கட்டிக்கொண்டு கொட்டகையின் ஒரு மூலையில் நின்றாள். தாய் மறு மூலையில். நடுவில் பெஞ்சின் மேல் அந்தப் பெரிய பூட்ஸ், அழைக்காத விருந்தாளி மாதிரி.

வெயில் சாய்ந்தது. கடைசியில் வந்தது மோட்டார் சைக்கிள் அல்ல, கல் ஏற்றும் ஒரு டிராக்டர். பின்பெட்டியில் வண்டி படுத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் மாப்பிள்ளையும். ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் மூடி எல்லாம் புழுதி படிந்து, ஒரு கீறலும் இல்லாமல், கட்டைவிரல் சரிபார்த்த அதே இடத்தில் இருந்தன. வலது கால் மட்டும் பெட்டியின் விளிம்பில் ஒரு சாக்கு மூட்டையின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கால்.

மகள் ஓடிப்போய் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அவளைத் தாண்டிப் பார்த்தார். "அத்தை, பூட்ஸ் கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. மன்னிச்சுருங்க" என்றார்.

பக்கிள்களை அவிழ்த்தாயிற்று. பூட்ஸ் வரவில்லை, கால் உள்ளே வீங்கிப்போய் அடைத்துக்கொண்டது. விரல்களுக்கு ரத்தம் போகிறதோ இல்லையோ, அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்றாள் மகள். வேனிலிருந்து கத்தியோடு முதலாளி வந்தார். கட்டைவிரல் அதை வாங்கிக்கொண்டு டிராக்டர் பெட்டியில் ஏறி மண்டியிட்டாள்.

"அத்தை, நீங்க வேணாம்..."

"வாயை மூடுங்க மாப்பிள்ளை."

அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தையல் எங்கே ஓடுகிறது என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் மேல்தோலை அவை தைத்திருக்கின்றன! தோலுக்குப் படாமல் நூல் மேலேயே கத்தி ஓடியது. பூட்ஸ் பலாப்பழம் போலப் பிளந்தது. உறையையும் அறுத்து எடுத்தாள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீல உருண்டை இருந்தது. அதைவிட விரல்களைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. வெளுத்துப்போய், தண்ணீரில் ஊறினவை மாதிரி.

பெருவிரலை அழுத்தினாள். "தெரியுதா?"

"தெரியுது, அத்தை."

சுண்டுவிரலை அழுத்தினாள். "இங்க?"

"எங்க, அத்தை?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவை மகளே எடுத்தாள். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. கணுக்காலில் இரண்டு எலும்பு போயிருந்தது; திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். "நல்ல பூட்ஸ். இது இல்லேன்னா பாதமே தனியா வந்திருக்கும்" என்று எலும்பு டாக்டர் கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த பூட்ஸ் காப்பாற்றிய கதையை முதலாளி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். விற்பனைக்கு நல்ல கதை. விழ வைத்த கதை அவளிடமே தங்கிவிட்டது. கடையில் 'பிடிக்குதா' என்ற அந்த ஒற்றைக் கேள்வியை அவள் விட்டுவிட்டாள். "எங்க வலிக்குது? எங்க இடிக்குது? எங்க மரத்துப் போகுது?" என்று நீதிமன்றத்தில் கேட்பது போலக் கேட்டாள். "என்னக்கா, பூட்ஸ் வாங்க வந்தேனா, பிரசவத்துக்கு வந்தேனா?" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

மகள் பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. பேசினாள். மாத்திரை கொடுத்தாச்சா, அடுப்பை அணைச்சாச்சா, கதவைச் சாத்து. அவ்வளவுதான்.

எலும்பு கூடியது. மாப்பிள்ளை ஊன்றுகோலை விட்டார், பிறகு நொண்டலையும் அநேகமாக விட்டார். அலுவலகத்தில் பழைய மேசையைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மலைக் காற்றை ஒரு முறை குடித்தவருக்கு மேசை கசந்தது. லைனுக்குத் திரும்புகிறேன் என்றார். கால் சரியாக இருந்தால் போகலாம் என்று அலுவலகம் சொன்னது. "அம்மா பாத்துச் சரின்னு சொன்னா நான் தடுக்கல" என்று மகள் சொன்னாள். தாயைப் பற்றி அவள் வாயில் நல்லதாக ஒரு சொல் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதுவும் இப்படித் தலையில் பாறாங்கல்லை வைப்பது போலவா வர வேண்டும்?

ஒரு சாயங்காலம் இருவரும் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை காலில் தடித்த உறை. மரக்குதிரையில் ஏறி உட்கார்ந்து, அவராகவே வலது காலை நீட்டினார்.

"பாருங்க, அத்தை."

கட்டைவிரல் மண்டியிட்டாள். அவர் காலை இழுக்கவில்லை. பெரிய அளவு பூட்ஸை மாட்டி, நடுப்பல்லில் பக்கிள் போட்டு, முனையிலிருந்து தொடங்கினாள். குதிகால் எழவில்லை. கெண்டைக்கால் சரி. புறங்கால் சரி.

"பிடிக்குதா?" பழைய பழக்கத்தில் வாய்தவறி வந்துவிட்டது.

"எந்தப் பிடிக்குது, அத்தை?" என்று மாப்பிள்ளை சிரித்தார். வாசலில் நின்ற மகளின் உதட்டோரம்கூடக் கொஞ்சம் அசைந்தது.

கட்டைவிரல் பூட்ஸைக் கழற்றி, உறையையும் கழற்றினாள். வெறும் காலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கண்ணை மூடிக்குங்க மாப்பிள்ளை. நான் தொடறப்ப சொல்லுங்க."

பெருவிரல். "தெரியுது." அடுத்தது. "தெரியுது." நடுவிரல். கொஞ்சம் தாமதித்து, "தெரியுது." பிரேக்கை மிதிக்கிற இடத்துக்கு, விரல்களுக்கு அடியிலுள்ள முன்பாதத்துக்குக் கட்டைவிரல் நகர்ந்தது.

"இங்க?"

"தெரியுது, அத்தை."

"இப்ப?"

"ம்... தெரியுது."

"இப்ப?"

"நல்லாத் தெரியுது, அத்தை."

முதலாளி திரும்பாமலே நின்றார். வாசலிலிருந்து மகள் தாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மடியில் இருந்தது.

முன்பு போலவே முகத்தை மலர்த்தி எழுந்துவிடலாம். மாப்பிள்ளைக்கு மனசு குளிரும். நல்ல அத்தை என்ற பேர் நிலைக்கும். மலைத்தடமும் அந்த இறக்கமும் எங்கேயும் போய்விடாமல் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

"கண்ணைத் திறங்க மாப்பிள்ளை" என்றாள் கட்டைவிரல். "நான் விரலை எடுத்து ரொம்ப நேரமாச்சு."